இரவல் சரக்கு, சொந்தக் கைவரிசை

வேல்ஸின் பிரிட்ஜெண்ட் நகரத்து நால்வர் ‘புல்லட் ஃபார் மை வேலன்டைன்’ என்ற பெயரில் 2005 அக்டோபரில் வெளியிட்ட முதல் முழு ஆல்பம் ‘தி பாய்சன்’. அதை எங்கே தட்டினாலும் வேறொருவர் சத்தம்தான் வரும். இரண்டு கிட்டார்கள் கைகோத்து ஓடும் மெட்டு அயர்ன் மெய்டன் வழி வந்தது; இறுக்கி அடிக்கும் ரிஃப் மெட்டாலிகாவினுடையது; கத்தலிலிருந்து பாடும் கோரஸுக்குத் தாவும் ஏற்பாட்டை, 2002-இல் வந்த ‘அலைவ் ஆர் ஜஸ்ட் பிரீத்திங்’ ஆல்பத்திலேயே கில்ஸ்விட்ச் எங்கேஜ் செய்து காட்டிவிட்டது. போதாக்குறைக்கு, 1998-இல் வேறு பெயரில் தொடங்கியபோது இவர்கள் வாசித்தது அன்று செலாவணியில் இருந்த நு-மெட்டல். காற்று திசை மாறியதும் தூற்றும் பக்கத்தை மாற்றிக்கொண்டார்கள். நகல் என்ற குற்றச்சாட்டு அப்படியே நிற்கட்டும். ஆனால் அந்த ஒரு சொல்லோடு விமர்சனத்தை முடித்துக்கொள்பவர்கள், ஆல்பத்தின் உண்மையான வேலை நடக்கும் இடத்தைப் பார்க்காமலே போகிறார்கள். எதை எங்கே வைப்பது, எப்போது நிறுத்துவது என்பதில் இந்த நால்வருக்கு இருந்த தெளிவு, முதல் ஆல்பம் போடுபவர்களிடம் அரிது.

‘டியர்ஸ் டோன்ட் ஃபால்’ பாடலையே எடுத்துக்கொள்வோம். தனித்தனிச் சுரங்களாக உதிரும் சுத்தமான கிட்டார், ஒரு கூவல், உடனே முழு பாரத்தோடு இறங்கும் ரிஃப். அந்த வேகத்தில் அடுத்த அடியும் அலறும் என்று எதிர்பார்த்தால் பாட்டு சட்டென்று அடங்குகிறது. குழுவின் பாடகர் மேட் டக் ஏறக்குறைய பேசும் குரலில் பாடுகிறார். இப்படி அடக்கி வைத்ததால்தான் கோரஸ் வரும்போது அது அவ்வளவு பெரிதாகக் கேட்கிறது. மென்மையும் ஆவேசமும் மாறி மாறி வரும் இந்த அச்சு மெட்டாலிகா 80-களிலேயே வார்த்தது. 2006-இல் கெராங் இதழுக்காக இவர்கள் பாடிக்கொடுத்த மெட்டாலிகா பாடலும் அந்த அச்சில் வார்த்ததுதான் என்பது தற்செயல் அல்ல. கடனை ஒளிக்கும் எண்ணமும் இவர்களுக்கு இல்லை. ஆல்பத்தின் முகப்பிசையில் வாசிப்பது பின்லாந்தின் அபோகாலிப்டிகா. செல்லோக்களில் மெட்டாலிகாவை வாசித்தே 1996-இல் அறிமுகமான குழு அது! கடன்பத்திரத்தை வாசலிலேயே ஒட்டி வைத்த மாதிரி.

இதெல்லாம் தயாரிப்பாளரின் மாயம் என்பார்கள். கார்காஸின் ‘ஹார்ட்வொர்க்’, மெஷின் ஹெட்டின் ‘பர்ன் மை ஐஸ்’ ஆகியவற்றுக்குப் பின்னால் இருந்த காலின் ரிச்சர்ட்சன்தான் இதையும் தயாரித்தார். ஒவ்வொரு அடியும் துல்லியமாக விழுவதில் அவர் பங்கு பெரிது. ஆனால் ஒலிப்பதிவு எவ்வளவு பளபளத்தாலும், ஒரு முறை கேட்டதும் ஒட்டிக்கொள்ளும் மெட்டை அது தராது. 2025-இல் ட்ரிவியம் என்ற மெட்டல் குழுவோடு சேர்ந்து இவர்கள் சுற்றுப்பயணம் போய் இந்த ஆல்பத்தை முழுதாக மேடையில் வாசித்தார்கள். இருபது ஆண்டுக்குப் பிறகும் அதற்குக் கூட்டம் கூடியது பழைய நினைவால்தான் என்றால், அதே ஆண்டுகளில் வந்த எத்தனையோ மெட்டல்கோர் ஆல்பங்களுக்கு ஏன் அந்த நினைவு வாய்க்கவில்லை?

வலுவான ஆட்சேபம் பாடல் வரிகளைப் பற்றியது. துரோகம், காதலியின் மேல் வன்மம், மறுபடியும் துரோகம். ‘ரூம் 409’ வரும்போது இந்தப் புலம்பல் சலித்துவிடுகிறது. இசையில் காட்டிய தேர்ந்தெடுக்கும் புத்தியை எழுத்தில் காட்டவில்லை. இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்னொன்றும் உண்டு: 2008-இல் வந்த ‘ஸ்க்ரீம் எய்ம் ஃபயர்’ ஆல்பத்தில் வேகம் கூடியது, த்ராஷ் வாடை தூக்கலானது. அதுவும் இரவல்தான். முதல் ஆல்பத்தில் கோரஸுக்கு முன்னால் விட்டு வைத்த அந்த அமைதிக்குத்தான் அங்கே இடம் குறைந்துபோனது.