குயவன் கையும் சித்திரக்காரன் கண்ணும்

சட்டி பானை செய்கிறவனைத் தொழிலாளி என்றும், சித்திரம் எழுதுகிறவனைக் கலைஞன் என்றும் பிரித்துப் பேசுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. சின்னமனூர்க் கடைவீதியில் பானையைத் தட்டிப் பார்த்து விலையைக் குறைக்கச் சொல்கிற நாமே, அதே மண்ணைக் கண்காட்சியில் கண்டால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம்.

இந்தப் பிரிவினையை வாழ்நாள் முழுவதும் ஒப்புக்கொள்ளாதவர் கே. ஜி. சுப்ரமணியன். 1924-இல் கேரளத்துக் கூத்துப்பறம்பில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தார். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றார். 1944-இல் சாந்திநிகேதன் போய் நந்தலால் போஸிடம் பயின்றார். பிறகு பரோடாவில் ஆசிரியர். இடையே கைத்தறி வாரியத்தில் உத்தியோகம். பொம்மை செய்வதையும் குழந்தைகளுக்குப் புத்தகம் போடுவதையும் அவர் பொழுதுபோக்காக நினைக்கவில்லை.

ஆரம்ப ஓவியங்களில் அறை, ஜன்னல், மேஜைமேல் கிடக்கும் சாமான்கள் இவைதாம் விஷயம். கெட்டிக்காரத்தனமான ஓவியங்கள்தாம், ஆனால் அவற்றில் பார்க்கிற கண் இருக்கிறதே தவிர, தொடுகிற கை இல்லை. 1963-இல் லக்னோ ரவீந்திராலயத்தின் சுவரில் தாகூரின் 'ராஜா' நாடகத்தைச் சுட்ட மண்ணில் அமைத்தபோதுதான் அந்தக் கை வந்து சேர்ந்தது என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் கை செய்த மகத்தான காரியம், 1971-இல் வங்கதேச யுத்தத்தை மனத்தில் வைத்துச் செய்த 'ஜெனரல்களும் வெற்றிச் சின்னங்களும்' என்ற மண் பலகைகள். சப்பாத்திக்குத் தட்டுகிற மாதிரி தட்டிய மண். கிள்ளி ஒட்டினால் பதக்கம், மடித்தால் சட்டை, கீறினால் காயம். கொன்றவனுக்கும் செத்தவனுக்கும் ஒரே மண்தான். ரத்தத்துக்கென்று தனி வர்ணம் தேவைப்படவில்லை. ஜெனரல் பொம்மை மாதிரி இருக்கிறாரே என்று முதலில் சிரிப்பு வருகிறது. பக்கத்தில் கிடப்பது என்ன என்று தெரிந்ததும் சிரித்ததற்காக வெட்கப்படுகிறோம். விளையாட்டுத்தனம் விஷயத்தின் கனத்தைக் குறைத்துவிட்டது என்று சொல்லக்கூடியவர்களுக்கு இந்த வெட்கமே பதில்.

பிற்காலத்தில் கண்ணாடியின் பின்புறம் எழுதிய படங்கள் நம் தஞ்சாவூர்க் கண்ணாடிப் படங்களுக்கு உறவு. தேவியரும் பெண்களும் மிருகங்களும் நெருக்கியடித்துக்கொண்டு வருகிறார்கள். சிலவற்றில், எல்லாரும் ஒரே சமயத்தில் பேசுகிற கல்யாண வீடு போல இரைச்சல் அதிகம். நல்லவற்றில், கோடு வளைகிற இடத்தில் மண்ணில் பழகிய விரல் தெரிகிறது.

2016-இல் தம் 92-ஆவது வயதில் பரோடாவில் காலமானார். கதை எழுதுகிற எனக்கு அவரிடம் பொறாமை ஒன்று உண்டு. பெரிய துக்கத்தைச் சொல்ல நாங்கள் பெரிய வார்த்தையைத் தேடி அலைகிறோம். அவர் அடுப்பங்கரையில் தினமும் நடக்கிற கைவேலையை எடுத்துக்கொண்டார். அது போதுமானதாக இருந்தது.