டேங்க் மூடியின் காற்றுத் துளை

டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைபட்ட வண்டி எடுத்த எடுப்பில் மக்கர் செய்யாது. சில கிலோமீட்டர் நன்றாக ஓடும். பிறகு இழுவை குறைந்து, பெட்ரோல் தீர்ந்தாற்போல விக்கி நிற்கும். ஓரங்கட்டிச் சிறிது நேரம் விட்டு உதைத்தால் பழுதே இல்லாததுபோலக் கிளம்பும். ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி நிற்கும். புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இன்றும் ஓடுகிற திருவொற்றியூர் ஆலையில் செய்த பழைய புல்லட்டுக்கும், 1996-ல் உற்பத்தி நின்ற ஆர்எக்ஸ் 100-க்கும் பிளக், காயில், கார்பரேட்டர் என்று வரிசையாகச் செலவு செய்த பிறகுதான் மெக்கானிக்கின் கை இந்தத் துளைக்கு வருகிறது. முதலில் வந்திருக்க வேண்டிய இடம் அது.

கார்பரேட்டர் வண்டியில் பெட்ரோல் தன் எடையால் மட்டுமே இறங்குகிறது. டேங்குக்கும் கார்பரேட்டர் கிண்ணத்துக்கும் 30 சென்டிமீட்டர் உயர வித்தியாசம் என்றால், அது தரும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஐம்பதில் ஒரு பங்குதான். போன பெட்ரோலின் இடத்துக்குக் காற்று வராமல் டேங்குக்குள் அந்த அளவு அழுத்தம் குறைந்தாலே ஓட்டம் நின்றுவிடும். முழு டேங்கில் பெட்ரோலுக்கு மேலே காற்றிடம் சிறியது. கொஞ்சம் பெட்ரோல் போனாலும் அழுத்தம் சட்டென்று சரியும். அதனால்தான் முழு டேங்கில் அடைக்கும் வண்டி பாதி டேங்கில் சமாளித்து ஓடுகிறது. புதுச்சேரியில் பெட்ரோல் விலை தமிழ்நாட்டைவிடக் குறைவு. கடலூர், விழுப்புரம் பக்கத்து வண்டிகளும் இங்கே கழுத்துவரை நிரப்பிக்கொண்டு போகின்றன. அவற்றில் ஒன்று வழியில் நின்றால், துளையை விட்டுவிட்டுப் பெட்ரோலில் கலப்படம் என்று பங்க்கின்மேல் பழி விழுகிறது.

துளையின் அருமை அதன் வேலைப்பாட்டில் இருக்கிறது. நல்ல பழைய மூடி ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தால் உள்தட்டின் ஓரத்தில் ஊசிமுனை அளவு துளை தெரியும். அதற்கு நேர் மேலே வழி இருக்காது; மேல்தட்டின் வழி வேறொரு பக்கம், விளிம்பை ஒட்டி இருக்கும். இரண்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி. சாலைப் பள்ளத்தில் வண்டி துள்ளும்போது தெறிக்கும் பெட்ரோல் உள்தட்டில் மோதி, தப்பி ஏறியதும் இடைவெளியில் வேகம் இழந்து, சொட்டாகத் திரும்ப விழும். காற்று மட்டும் வளைந்து வளைந்து உள்ளே வந்துவிடும். அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லை. கார்பரேட்டரின் ஜெட்டையும் ஊசியையும் கொண்டாடுகிறவர்கள் உண்டு. அந்த நுட்பமும் பெரிதுதான். ஆனாலும் இத்தனை சிறிய இடத்தில், இத்தனை குறைந்த பொருளில் இவ்வளவு யோசனை வேறெங்கும் இல்லை. இன்று கடைகளில் தொங்கும் மாற்று மூடிகளில் குரோம் பளபளப்பு கூடியிருக்கிறது. சிலவற்றில் ரப்பர் வாஷரே துளையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

கோளாறைப் பிடிக்கக் காது போதும். வண்டி நின்ற கணமே மூடியைத் திறக்க வேண்டும். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டு, வண்டியும் சீக்கிரம் பிடித்துக்கொண்டால் சந்தேகம் பெருமளவு தீர்ந்தது. தாமதித்துத் திறந்தால் பயனில்லை. வாஷர் வழியே கசிந்த காற்று அதற்குள் அழுத்தத்தைச் சமன் செய்திருக்கும். உறுதி செய்ய, இன்ஜின் ஆறியபின், நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில், கார்பரேட்டர் முனையில் ஹோஸைக் கழற்றிப் பெட்ரோலை ஒரு பாட்டிலில் விடலாம். தாரையாக வந்து மெலியும் பெட்ரோல், மூடியைத் திறந்ததும் மறுபடி தாரையானால் குற்றம் மூடியில். திறந்தும் சொட்டாகவே வந்தால் டேப்பின் வலையிலோ ஹோஸின் மடிப்பிலோ. பாட்டிலில் நன்றாக இறங்கியும் வண்டி நின்றால் மிதவை ஊசியை, அல்லது சூட்டில் செத்துப்போகும் காயிலைப் பார்க்க வேண்டும். பழைய மெக்கானிக்குகளின் முதல் கேள்வி “மூடியத் தொறந்து பாத்தீங்களாண்ணே?” என்பதாக இருந்தது. இப்போது கேள்விக்கு முன்பே கார்பரேட்டர் கழன்று தரைக்கு வந்துவிடுகிறது.

அடைப்பின் காரணங்கள் ஊரோடு சேர்ந்தவை. அறுவடைக் காலத்தில் சாலையில் காயும் நெல்லின் தூசியும் சுணையும் பெட்ரோல் ஈரத்தில் ஒட்டிக் கெட்டிப்படும். தாழ்வாரத்தில் நெடுநாள் நின்ற வண்டியில் குளவி மண் வைத்துவிடும். ஐப்பசி மழைக்குப் பயந்து மூடிமேல் பாலித்தீன் பை கட்டுகிறவர்கள் தண்ணீரோடு காற்றையும் தடுத்துவிடுகிறார்கள். மூடியை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தூண்டில் நரம்பால் துளையை நீவினால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். டிரில் போட்டுத் துளையைப் பெரிதாக்குவதே நல்லது என்பாரும் இருக்கிறார்கள். வண்டி ஓடும், உண்மைதான். மழைநீரும் இறங்கும், பெட்ரோல் வழிந்து பெயின்ட்டும் போகும். ரப்பர் வால்வு உள்ள மூடிக்குப் பஞ்சர் கடைக் காற்றை அடிப்பதும் கூடாது.

அடைப்பு எதிர்த்திசையிலும் வேலை செய்யும். 10 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 200 மில்லி பெருகும். நிரப்பி வெயிலில் நிறுத்திய வண்டியில் அந்த அழுத்தம் மிதவை ஊசியைத் தள்ளிக் கார்பரேட்டரை வழியவைக்கும். இத்தகைய மூடியைத் துணி போர்த்தி மெதுவாகத் திறக்க வேண்டும்.

2017 ஏப்ரலில் பிஎஸ் 4 மாசு விதிகள் எல்லா இருசக்கர வண்டிகளுக்கும் வந்தபின் பெட்ரோல் ஆவி, அதை உறிஞ்சிவைக்கும் கரி டப்பாவுக்குத் திரும்பியது. பல வண்டிகளில் டேங்கின் அடியில் இரண்டு ஹோஸ்கள் இருக்கும்: ஒன்று மூடியைச் சுற்றித் தேங்கும் மழைநீருக்கு, மற்றது ஆவிக்கு. டேங்கைக் கழற்றி மாட்டும்போது இவை இடம் மாறினாலோ பிரேமில் நசுங்கினாலோ பழைய கோளாறு திரும்ப வரும். கார்பரேட்டர் இல்லாத எஃப்ஐ வண்டியின் பம்ப் சுமார் 3 பார் அழுத்தத்தில் தள்ளுவதால் அறிகுறி தாமதமாகத் தெரியும். மூடியைத் திறக்கும்போது இழுப்புச் சத்தம் மட்டும் முன்கூட்டியே கேட்கும். கழுத்துவரை நிரப்பும் பழக்கம் கரி டப்பா உள்ள வண்டிகளுக்கு இன்னும் கெடுதல், பெட்ரோலே கரி டப்பாவுக்குள் போய்விடும். மழைநீர் ஹோஸ் அடைத்தால் தண்ணீர் டேங்கில் இறங்கி, எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலில் எத்தனாலையும் சேர்த்துக்கொண்டு அடியில் தனியாகப் பிரியும். ஐப்பசிக்கு முன் மூடியைப் பூட்டி, அதைச் சுற்றியுள்ள குழியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, ஹோஸின் முனையில் அது சொட்டுகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.