தொட்டியில் தீரும் வேகம்

கண்டியில் கடல் இல்லை. அதனாலேயே இங்குள்ள பாடசாலைகள் பல கல்விச் சுற்றுலாவுக்குத் தென்கரையைத் தேர்ந்தெடுக்கின்றன. காலிக் கோட்டைக்குப் போகும் வழியில் கொஸ்கொடவில் பஸ் நிற்கும். ஆமைப் பொரிப்பகத் தொட்டிக்குள் கைவிட்டு ஒரு குஞ்சைத் தூக்கிப் பார்ப்பதுதான் மலைநாட்டுப் பிள்ளைகள் பலருக்குக் கடலுயிரோடு ஏற்படும் முதல் அறிமுகம். அதற்கு அந்தக் குஞ்சு கொடுக்கும் விலை பெரிது.

பொரிப்பகம் நல்ல நோக்கத்தில் பிறந்தது. இலங்கைக் கரைகளில் முட்டையிடும் ஐந்து வகைக் கடலாமைகளுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆனாலும் முட்டைகளைத் தோண்டி விற்பது நிற்கவில்லை. 1981இல் கொஸ்கொடவில் தொடங்கிய பொரிப்பகம் அவற்றை விலைகொடுத்து வாங்கி, மணலில் புதைத்துப் பொரிக்கவைத்தது. யாரோ ஒருவரின் சட்டிக்குப் போயிருக்க வேண்டிய முட்டைகள் குஞ்சுகளாகிக் கடலுக்குப் போயின. இந்த நன்மையை மறுக்க முடியாது.

கோளாறு பொரித்த பின்பு தொடங்குகிறது. வயிற்றில் எஞ்சிய மஞ்சள்கருவின் பலத்தில், குஞ்சு ஏறக்குறைய ஒரு நாள் ஓயாமல் நீந்தும். கரையோரத்து மீன்களுக்குத் தப்பி ஆழ்கடலை எட்டத்தான் அந்த வேகம். பார்வையாளருக்காகச் சில நாள் தொட்டியில் வைத்தால், அந்த வேகம் சீமெந்துச் சுவரில் மோதியே தீர்ந்துவிடுகிறது. களைத்த குஞ்சைப் பிறகு பட்டப்பகலிலும் கடலில் விடுகிறார்கள், பறவைகளின் கண்முன்னே. முட்டையை இடம் மாற்றுவதும் எளிதல்ல. இட்டுச் சில மணிநேரம் கழிந்தபின் புரட்டினால் கரு இறக்கலாம். மணலின் சூடு ஏறக்குறைய 29 பாகையைத் தாண்டினால் பெண்குஞ்சுகளே பெருகும். நிழலில்லாத பொரிப்பகத்தில் இது சின்ன விடயமல்ல.

தங்காலைக்கு அருகே ரெக்கவவில் 1996இல் வேறு வழி கண்டார்கள். முட்டை எடுத்துப் பிழைத்தவர்களுக்கே கூலி கொடுத்துக் காவலராக்கினார்கள். முட்டைகள் தாய் இட்ட குழியிலேயே கிடந்தன. பார்க்க வருபவர் இருட்டில் காத்திருக்க வேண்டும். ஆமை வராமலும் போகலாம். எனக்கு இதுவே மரியாதையான முறையாகப் படுகிறது. ஆனால் கடல் அரிக்கும் கரையில் குழியை அப்படியே விட்டால் அலை கொண்டுபோய்விடும். அங்கே பொரிப்பகம் தேவை.

ஆகவே பொரிப்பகங்களை மூடச் சொல்வது சரியல்ல. குஞ்சுகளை அடைக்கும் தொட்டிகள்தான் போகவேண்டும். பொரித்த இரவே குஞ்சுகளை விடும் இடங்களுக்கு மட்டும் வனசீவராசிகள் திணைக்களம் அனுமதி கொடுக்கலாம். தொட்டிகளைத் தாங்குவது நுழைவுச்சீட்டுப் பணம். அதில் பாடசாலைகளின் பங்கும் இருக்கிறது. எனவே கண்டி ஆசிரியர்கள் திணைக்களத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பஸ் பேசும்போதே பொரிப்பகத்துக்கும் தொலைபேசி எடுத்து, குஞ்சுகளை எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கலாம். ஒரு நாள் என்று பதில் வந்தாலும், அந்த இடத்தைப் பயணத்திலிருந்து வெட்டிவிடலாம்.