சுழி பார்த்த சாஸ்திரமும் சோறு தின்ற குதிரையும்

தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகம் 1952-ல் வெளியிட்ட 'அசுவ சாஸ்திரம்' பற்றிப் பேசுறவங்க பெரும்பாலும் அதன் வண்ணப் படங்களைத்தான் கொண்டாடுறாங்க. நகுலன் பெயரில் வழங்கும் சமஸ்கிருத நூல், எஸ். கோபாலன் பதிப்பித்தது. படங்கள் அழகுதான், மறுக்கலை. என் கேள்வி வேற. இந்த நூல் குதிரையைப் பார்க்குதா, குதிரைக்காரனைப் பார்க்குதா?

பல்லைப் பார்த்து வயசு சொல்றது இந்த மரபில் உண்டு. அது இன்னைக்கும் செல்லும். ஆனா சுழி? எங்கே இருந்தால் எஜமானுக்கு வெற்றி, எங்கே இருந்தால் குடிக்கு ஆகாது என்று போகுது கணக்கு. நம்ம ஊர்ல மாடு பிடிக்கும்போது பார்க்கிற அதே சங்கதி. குதிரையின் தோலில் முதலாளியின் ஜாதகத்தைப் படிக்கிறாங்க.

இதே கடற்கரையில்தான் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்கோ போலோ ஒரு குறிப்பு எழுதினார்: இங்கே குதிரைக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் போடுறாங்க, அதனால் செத்துப்போகுது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஆண்டுக்கு 10,000 குதிரை இறக்குமதி, ஒன்றுக்கு 220 தினார் என்று கணக்குச் சொல்றார். கட்டிப்போட்டுக் கொழுக்க வச்சு, பழக்காமலே ஏறி ஓட்டுறாங்கன்னும் குறைப்படுறார். இதை வச்சு 'தமிழனுக்குக் குதிரை தெரியாது'ன்னு முடிச்சுடறது சுலபம். ஆனா மார்கோ போலோவே இன்னொன்றும் சொல்றார்: குதிரை வியாபாரிகள் குதிரை வைத்தியர்களை இந்தப் பக்கம் வரவிடுறதில்லை, குதிரை சாகச் சாகத்தானே யாவாரம். எங்க தொழிலில் இதுக்குப் பேர் வெண்டர் லாக்-இன்.

குதிரையின் இரைப்பை சின்னது, 8 முதல் 15 லிட்டர்தான் பிடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் புல்லை மேய்ந்துகொண்டே, ஒரு நாளில் 16 மணி நேரம்கூட நடக்கிற ஜீவன். மாவுச்சத்து அளவுக்கு மீறினால் பெருங்குடலில் புளிச்சு, வயிற்றுவலியில் தொடங்கிக் குளம்பு அழற்சி வரை போகும். வாந்தி எடுக்கவும் வராது. தண்ணி நிற்கிற நெல் வயல் நாட்டில் மேய்ச்சலுக்கு எங்கே போக? கையில் இருந்தது அரிசி.

அடிக்கவும் இந்த மரபில் விதி இருக்கு: எந்தத் தப்புக்கு எங்கே அடி, இடம் மாறினால் குதிரை கெட்டுடும்னு. இதைப் படிச்சுட்டு மான்டி ராபர்ட்ஸ் காணொளிக்குப் போனால் சொர்க்கம் மாதிரி இருக்கும். சாட்டையே இல்லை, வட்டத் தொழுவத்தில் 'குதிரை மொழி' பேசியே வழிக்குக் கொண்டுவர்றார். ஆனா சிட்னி பல்கலைக்கழகத்தில் 2012 வாக்கில் மனுஷனுக்குப் பதிலா ரிமோட் பொம்மைக் காரை விட்டுப் பார்த்தாங்க. குதிரை அதன் பின்னாலும் வந்தது! திரும்பிப் பார்த்தால் விரட்டல் நிற்கும், அவ்வளவுதான் அதுக்குப் புரிஞ்சது. அடியைவிட இது ஆயிரம் மடங்கு மேல், சந்தேகமில்லை. ஆனா இதுக்கு 'இயற்கை'ன்னு பேர் வைக்கிறதில், சுழி பார்த்தவங்க செஞ்ச அதே வேலைதான் நடக்குதோன்னு தோணுது.

சரஸ்வதி மகால் மறுபதிப்பு போட்டால் ஒரு யோசனை. பக்கத்தில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. அங்கிருந்து ஒருத்தரை உட்காரவச்சு, எது செல்லும் எது செல்லாதுன்னு அத்தியாயத்துக்கு ஒரு பக்கம் தமிழில் எழுதி வாங்கிச் சேர்க்கலாம். படங்கள் அப்படியே இருக்கட்டும்.