22 பாயிண்ட் பையனும் 9 பாயிண்ட் பையனும்: இடம் மாறும் ஆட்டக்காரரை எடைபோடுவது பற்றி

சில வருடங்களுக்கு முன் நான் செய்த ஒரு தப்பிலிருந்து தொடங்குகிறேன். என்னோடு படித்த நண்பன் ஒருவன் ஒரு பொறியியல் கல்லூரியில் கூடைப்பந்து கோச். ஒருநாள் போன் செய்தான். "மக்கா, லேட்டரல்ல ஒரு பையன எடுக்கலாம்னு மேனேஜ்மெண்ட் சொல்லிட்டாங்க. ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் ஃப்ரீ. ஆனா ஒரே ஒரு சீட்டுதான். ரெண்டு பேர் இருக்கானுவ. நீதான் டேட்டா டேட்டான்னு பேசுவியே, பாத்துச் சொல்லு" என்றான்.

நம்மூர்க் கல்லூரி விளையாட்டில் 'டிரான்ஸ்பர்' என்று தனியாக ஒரு ஏற்பாடு கிடையாது. ஆனால் விஷயம் இருக்கிறது. பாலிடெக்னிக் முடித்தவன் லேட்டரல் எண்ட்ரியில் நேரே பி.இ. இரண்டாம் ஆண்டு சேர்கிறான். ஒரு கல்லூரியில் பி.ஏ. முடித்தவன் எம்.ஏ.வோ எம்.பி.ஏ.வோ படிக்க வேறு கல்லூரிக்குப் போகிறான், பெரும்பாலும் அங்கே டீமில் ஆடுவதற்காகவே. பெயர்தான் வேறு.

இரண்டு பையன்களின் ஸ்கோர்ஷீட்டையும் போட்டோ எடுத்து அனுப்பினான். ஒருவன் சராசரி 22 பாயிண்ட், இன்னொருவன் 9. எந்தப் போட்டி கஷ்டமானது, எது சுலபமானது என்று எனக்குத் தெரிந்தவரை ஒரு எடை கொடுத்து எக்செல்லில் கணக்குப் போட்டேன். 22 தான் வந்தான். சீட் அவனுக்குப் போனது. புது டீமில் அவன் சராசரி 8க்கு இறங்கியது. ஏற்கெனவே அங்கே ஷூட் பண்ண இரண்டு பேர் இருந்தார்கள்.

ஏன் இப்படி ஆனது என்று பிறகு உட்கார்ந்து யோசித்தபோது கிடைத்தவைதான் கீழே இருப்பவை.

ஸ்கோர்ஷீட்டில் இல்லாதது

முதல் பிரச்சினை மிக எளிது, ஆனால் எனக்கு அப்போது உறைக்கவில்லை. நம் போட்டிகளில் மேஜையில் உட்கார்ந்து எழுதும் அதிகாரப்பூர்வ ஸ்கோர்ஷீட்டில் என்ன இருக்கும்? யார் கூடை போட்டார்கள், யார் ஃபவுல் செய்தார்கள், யார் டைம்அவுட் எடுத்தார்கள். தவறவிட்ட ஷாட் இருக்காது. ரீபவுண்டு இருக்காது. பந்தைத் தொலைத்தது இருக்காது. அந்தத் தாள் யார் ஜெயித்தது என்று சொல்வதற்காக உருவானது. யார் நல்ல ஆட்டக்காரன் என்று அதனிடம் கேட்டது என் தப்பு.

யாரோ மொபைலில் எடுத்திருந்த இரண்டு ஆட்டங்களின் வீடியோவை வாங்கி நானே எண்ணிப் பார்த்தேன். 22 பையன் இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து 47 ஷாட் எடுத்து 18 போட்டிருக்கிறான், அதில் 2 மூன்று பாயிண்ட் கூடைகள். 9 பையன் 13 ஷாட் எடுத்து 9 போட்டிருக்கிறான்.

இதை ஒப்பிட ஒரு சுலபமான அளவு உண்டு. மூன்று பாயிண்ட் கூடையை ஒன்றரைக் கூடையாக எண்ணி, மொத்த ஷாட்டால் வகுக்க வேண்டும். முதல் பையனுக்கு 19/47, அதாவது சுமார் 40 சதவீதம். இரண்டாமவனுக்கு 9/13, சுமார் 69 சதவீதம். முதல் பையனின் 22 பாயிண்டுக்குப் பின்னால் தவறிப்போன ஷாட்டுகள் ஒரு குவியலாகக் கிடந்தன. தாளில் அவை எங்கேயும் இல்லை.

டீன் ஆலிவர் 2004இல் எழுதிய 'பாஸ்கெட்பால் ஆன் பேப்பர்' என்ற புத்தகம் இந்தத் துறையின் அரிச்சுவடி. ஒரு டீமின் வெற்றியை நான்கு விஷயங்களாகப் பிரித்து, தோராயமாக ஒரு எடையும் கொடுத்தார்: மேலே சொன்ன ஷூட்டிங் அளவுக்கு 40, பந்தைத் தொலைக்காமல் இருப்பதற்கு 25, ரீபவுண்டுக்கு 20, ஃப்ரீ த்ரோ வாங்குவதற்கு 15. 'ஆட்டத்துக்கு எத்தனை பாயிண்ட்' என்பது இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்த எண் யாருடையது?

சரி, அப்படியானால் 69 சதவீதப் பையனை எடுத்திருக்க வேண்டுமா? அவ்வளவு அவசரமாகவும் முடிவு கட்ட முடியாது. அவன் எடுத்ததெல்லாம் கூடைக்கு அடியில், வேறொருவன் பாஸ் கொடுத்து வந்த ஷாட். ஆட்டத்துக்கு ஆறு ஷாட் எடுப்பவனிடம் இருபது எடுக்கச் சொன்னால் சதவீதம் விழும். சுலபமானதை மட்டும் எடுத்தவன் இனிக் கஷ்டமானதையும் எடுக்க வேண்டிவரும். முதல் பையன் விஷயத்தில் இது தலைகீழ். அந்த டீமில் வேறு யாருக்கும் ஷூட் பண்ண வராததால் கடைசி நொடி ஷாட்டெல்லாம் அவன் தலையில் விழுந்திருக்கலாம். அவனுடைய 40 சதவீதத்தில் ஒரு பங்கு அவன் டீமின் குற்றம்.

ஆக, ஒரு ஆட்டக்காரன் பெயருக்கு எதிரே இருக்கும் எண்ணில் பாதி அவனுடையது, பாதி அவன் விட்டுவரும் டீமுடையது. அவன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது முதல் பாதிதான் கூட வரும். எந்த மதிப்பீடும் இந்த இரண்டையும் பிரிக்க முயல்கிறதா என்பதுதான் நான் இப்போது கேட்கும் முதல் கேள்வி.

இந்தக் கேள்வியோடு அமெரிக்காவைப் பார்ப்போம், ஏனென்றால் அங்கே இது இன்று பெரிய வியாபாரம். 2018 அக்டோபரில் என்சிஏஏ 'டிரான்ஸ்பர் போர்ட்டல்' தொடங்கியது. 2021இல், ஒருமுறை கல்லூரி மாறினால் ஒரு வருடம் உட்காராமலே ஆடலாம் என்றார்கள். 2024இல் படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றாகிவிட்டது. ஒவ்வொரு வசந்த காலத்திலும் இணையதளங்கள் 'டாப் 100' பட்டியல் போடுகின்றன. முதல் ஆள், இரண்டாம் ஆள் என்று ஒரே வரிசை. யாருக்கு முதல் ஆள்? எந்த டீமுக்கு? பெரும்பாலான பட்டியல்களில் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். டால்டன் நெக்ட் 2022-23இல் நார்தர்ன் கொலராடோ என்ற சின்ன டீமில் சராசரி 20.2 பாயிண்ட். மாக்ஸ் ஏப்மஸ் அதே வருடம் ஓரல் ராபர்ட்ஸில் 21.9. இருவருமே சின்ன லீக், இருவருமே அடுத்த வருடம் பெரிய டீமுக்குப் போனார்கள். பாயிண்டை மட்டும் பார்த்தால் ஏப்மஸ் ஒரு படி மேல். நடந்தது என்ன? நெக்ட் டென்னசியில் 21.7க்கு ஏறி அந்த லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். ஏப்மஸ் டெக்சாஸில் 16.8க்கு இறங்கினார். அதுவும் மோசமில்லை, ஆனால் திசை வேறு. டென்னசி டிபன்ஸில் கெட்டி, ஷூட் பண்ணத்தான் ஆள் தேவைப்பட்டது. நெக்டுக்கு உயரமும் உண்டு, ஏப்மஸ் சிறிய உடம்புக்காரர். எதிரே நிற்பவனின் உயரம் கூடும்போது யாருக்குக் கஷ்டம் அதிகம் என்பதை எந்தச் சராசரியும் சொல்லாது.

ஒரு நல்ல வருடம்

இன்னொரு பிரச்சினை, கணக்குப் படித்த எவனும் மறக்கக் கூடாதது, நானும் மறந்தது. நூறு த்ரீ பாயிண்டர் எடுத்து 40 போட்டவனை '40 சதவீத ஷூட்டர்' என்கிறோம். உண்மையில் 35 சதவீதத் திறமை உள்ளவனுக்கும் நூறு ஷாட்டில் திட்டப் பிழை சுமார் 5 சதவீதம் வரும். அவன் 30 போடுவதும் 40 போடுவதும் சாதாரணம். நம் பையன்கள் ஒரு சீசனில் 40 ஷாட் எடுத்தாலே பெரிய விஷயம். அதில் பிழை ஏழெட்டு சதவீதம். போதாததற்கு, திறந்தவெளி சிமெண்ட் கோர்ட்டில் கச்சான் காற்று அடிக்கும் மாதத்தில் ஆடியவனையும், சென்னையில் உள்ளரங்கில் ஆடியவனையும் ஒரே கட்டத்தில் போடுகிறோம்.

ஒரு நல்ல வருடத்தை நம்பி ஏமாந்த கதைக்கு, தூத்துக்குடிக்காரன் அமெரிக்கா போக வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவின் அந்தக் கரையில், இலங்கைப் பக்கத்துப் பார்களில் 1903 முதல் சலாபம் நன்றாக நடந்தது. 1905இல் மட்டும் சுமார் 8 கோடி சிப்பி எடுத்தார்கள். நம் கரையிலிருந்தும் குளியாட்கள் போனார்கள். அந்த விளைச்சலைப் பார்த்து லண்டனில் ஒரு கம்பெனி தொடங்கி, 1906இல் அந்தப் பார்களை 20 வருடக் குத்தகைக்கு எடுத்தது. வருடத்துக்கு 3,10,000 ரூபாய். 1907க்குப் பிறகு பார் காலி. 1912இல் கம்பெனியை மூடினார்கள். உச்சத்தில் பார்த்த விளைச்சலை வழக்கமான விளைச்சல் என்று நினைத்ததுதான் கதை. 'டாப் 100' பட்டியலில் மேலே இருப்பவர்களில் பலரும் தங்கள் வாழ்நாளின் சிறந்த வருடத்தை முடித்துவிட்டு வந்தவர்கள். அதனால்தானே மேலே இருக்கிறார்கள்!

சான்றிதழ்க் கணக்கு

நம்மூர் முறையையும் சொல்லாமல் விட முடியாது. பொறியியல் கலந்தாய்வின் விளையாட்டு ஒதுக்கீட்டில் 500 இடங்கள். எதை வைத்துத் தரவரிசை? சான்றிதழ். சர்வதேசப் போட்டியா, தேசியமா, மாநிலமா, பதக்கமா, பங்கேற்பா. இதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. சான்றிதழைச் சரிபார்க்கலாம், சிபாரிசைக் குறைக்கலாம். ஒரு கோச்சின் கண்ணுக்குப் பட்டவன் என்பதைவிட இது நேர்மையானது.

ஆனால் ஓட்டப்பந்தயத்துக்குப் பொருந்துவது கூடைப்பந்துக்குப் பொருந்தாது. ஓடுகிறவனின் பதக்கம் அவன் காலுடையது. கூடைப்பந்தில் 12 பேருக்கும் ஒரே பதக்கம். தேசியப் போட்டியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பன்னிரண்டாவது ஆளின் சான்றிதழ், மாவட்ட அளவில் தோற்ற டீமைத் தனியாகச் சுமந்தவனுடையதைவிடக் கனம். எண்ணில் பாதி டீமுடையது என்றேன் அல்லவா, இங்கே கிட்டத்தட்ட முழுவதும் டீமுடையது.

ஒரு நல்ல உதாரணம்

எல்லாம் குறை என்றால் யாரும் ஆள் எடுக்கவே முடியாது. 2025இல் சாம்பியனான ஃப்ளோரிடாவைப் பாருங்கள். அதன் மூன்று முக்கிய கார்டுகளும் வேறு கல்லூரியிலிருந்து வந்தவர்கள்: வால்டர் க்ளேட்டன் ஐயோனாவிலிருந்து, அலைஜா மார்ட்டின் ஃப்ளோரிடா அட்லாண்டிக்கிலிருந்து, வில் ரிச்சர்ட் பெல்மாண்டிலிருந்து. எதுவும் பெரிய பெயர் இல்லை.

ஹூஸ்டனுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் க்ளேட்டன் முதல் பாதியில் ஒரு பாயிண்டுகூட எடுக்கவில்லை. மொத்தம் 11 தான். கடைசி நொடிகளில் 65-63. ஹூஸ்டனின் எமானுவேல் ஷார்ப் த்ரீ பாயிண்டருக்குக் குதித்தபோது க்ளேட்டன் ஓடி வந்து முன்னால் எகிறினார். ஷார்ப்பால் ஷூட் பண்ண முடியவில்லை. பந்தைக் கீழே விட்டார், மீண்டும் தொட்டால் தவறு என்பதால் தொடவும் முடியவில்லை. ஆட்டம் முடிந்தது. அந்த ஓட்டத்தை எழுத ஸ்கோர்ஷீட்டில் கட்டம் கிடையாது. இதை அறிய ஒரே வழி, ஆடுவதைப் பார்ப்பது.

அப்படியானால் எண்ணைத் தூக்கி எறிய வேண்டுமா? என் கருத்து அதுவல்ல. எண்ணை இரண்டாகப் பிரியுங்கள். ஃப்ரீ த்ரோ சதவீதம், ரீபவுண்டு, பந்தைத் தொலைக்காத கை, உயரம், கால் வேகம் எல்லாம் பெரும்பாலும் கூடவே வரும். பாயிண்ட் சராசரி வராது. பிறகு கோச்சிடம் கேளுங்கள்: உன் டீமில் காலியாக இருப்பது எந்த வேலை? கடைசியாக அந்தப் பையனிடமே கேளுங்கள். நான் இதைத்தான் செய்யவில்லை.

9 பாயிண்ட் பையனைப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கோர்ட்டில் பார்த்தேன். ஹார்பர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறான், ஷிப்ட் முடிந்து வந்திருந்தான். தூரத்திலிருந்து அலட்டாமல் ஷூட் பண்ணிக்கொண்டிருந்தான், ஒன்றிரண்டு தவிர எல்லாம் விழுந்தன.

"இப்படி ஷூட் பண்றியே, அந்த டோர்னமெண்ட்ல ஏன்டே பண்ணல?" என்றேன்.

"நீ எடுக்கக் கூடாது, பந்தப் புடிச்சு அவன்ட்ட குடுன்னு மாஸ்டர் சொல்லிருந்தாருண்ணே" என்றான்.

நான்தான் அந்தக் கணக்கைப் போட்டவன் என்று அவனுக்குத் தெரியாது. அன்றைக்கு நான் சொல்லவுமில்லை.