பேச்சை எழுத்தாக்கும் பொறிகள்: ஓர் ஒப்பாய்வு

ஏடு பெயர்த்தெழுதுவோர் பிழைபடுதல் பண்டுதொட்டு உள்ளது. பிரதிகள் பல கிடைத்தமையாலேயே பதிப்பாசிரியர்கள் பாடபேதம் நோக்கி அப்பிழைகளைக் களைய இயன்றது. இன்று ஒலிப்பதிவிலுள்ள பேச்சை எழுத்தாக்கும் பணியை மென்பொருள்கள் ஏற்றுள்ளன. அவற்றின் தராதரத்தைத் துணிதற்குப் பெரிதும் வழங்கும் அளவுகோல் சொற்பிழை வீதமாகும். மாறிய சொற்கள், விடுபட்ட சொற்கள், மிகையாய்ப் புகுந்த சொற்கள் ஆகியவற்றைக் கூட்டிப் பேசப்பட்ட சொற்றொகையால் வகுப்பின் அது பெறப்படும். இவ்வளவுகோல் பிழைகளை எண்ணுமேயன்றி நிறுக்காது என்பதே ஈண்டு நிறுவப்படுவது.

'காணி மகளுக்கு' என முதியவர் ஒருவர் கூறியது 'காணி மகனுக்கு' என எழுதப்படின், அது ஒரு பிழை. 'வரவில்லை' என்பது 'வர இல்லை' எனப் பிரிந்து நிற்பின், கணக்கில் அது இரண்டு பிழை. முன்னையது குடும்பத்தையே பிளக்க வல்லது; பின்னையது பொருளுக்கு ஊறு செய்யாதது. ஒட்டுநிலை மொழியாகிய தமிழுக்கு இக்கணக்கு முற்றும் பொருந்தாமை இதனாற் புலனாகும்.

பலருடைய பேச்சுக்கும் ஒரே வீதம் கூறுதலும் உண்மையை மறைக்கும். 2020ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் சிலர் அமேசன், அப்பிள், கூகிள், ஐ.பி.எம்., மைக்ரோசொவ்ற் ஆகிய ஐந்து நிறுவனங்களின் பொறிகளை ஒப்பிட்டனர். வெள்ளையர் பேச்சில் நூற்றுக்கு 19 சொற்களும், கறுப்பினத்தவர் பேச்சில் நூற்றுக்கு 35 சொற்களும் சராசரியாகப் பிழைபட்டன. பொறிகள் அதன்பின் திருத்தமுற்றன எனினும், யாருடைய பேச்சில் அளந்தது என்னும் வினா இன்றியமையாததாகவே நிற்கின்றது.

2022இல் ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட விஸ்பர், 6,80,000 மணிநேர ஒலிப்பதிவுகளிற் பயிற்றப்பட்டது. கட்டணமின்றிப் பெற்றுத் தம் கணினியிலேயே இயக்கத்தக்கதாதலின், மறைபொருளான உரையைப் பிறரிடம் ஒப்படைக்க வேண்டியதில்லை. இது பெருஞ் சிறப்பே. எனினும், 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அப்பொறி எழுதிய பகுதிகளுள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றில் எவரும் பேசாத தொடர்கள் புனைந்து சேர்க்கப்பட்டமையைக் காட்டிற்று. நோயினாற் பேச்சுத் தடைப்பட்டோர் இடையிடையே மௌனித்த பதிவுகளில் இக்குறை மிகுந்தது. பேச இயலாது தவிப்பவன் வாயிற் பிறர் சொல்லைத் திணித்தல் எளிய குற்றமன்று. அன்றியும், புனைந்த தொடர் இலக்கணப் பிழையின்றி அமைதலால் வாசிப்போன் ஐயுறான்.

மனிதரைக் கொண்டு எழுதுவிக்கும் சேவைகளும் உள. 2010இல் தொடங்கிய றெவ் அவற்றுள் ஒன்று. செலவும் காலமும் மிகுமாயினும், தேர்ந்த எழுத்தாளன் கேளாத இடத்தைக் 'கேட்கவில்லை' எனக் குறித்து மேற்செல்வான். அறியாமையை ஒப்புக்கொள்ளும் அப்பண்பே அவனுக்குரிய சிறப்பாம்.

ஆகவே, வகுப்புக் குறிப்புக்கும் கூட்ட அறிக்கைக்கும் பொறி போதியது. சாட்சியம், மருத்துவ உரை, முதியோர் வாய்மொழி வரலாறு ஆகியவற்றிற்கோ, பொறி எழுதியதை மனிதர் ஒலிப்பதிவோடு ஒப்புநோக்கித் திருத்துதல் வேண்டும். எழுத்து எவ்வளவு செவ்விதாயினும் ஒலிப்பதிவே மூலச்சுவடி. அதனை அழித்தபின் பிழை காண வழியில்லை.