நூற்றுக்கு எத்தனை?

இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து ஐந்தாம் ஆண்டுப் பரிசோதனையில் ஒரு படிவத்தை நிரப்பக் கொடுத்தார்கள். 'திருத்திய ஹாரிஸ் இடுப்பு மதிப்பெண்' என்று அதற்குப் பெயர். எனக்கு நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். "ரொம்ப நல்ல ரிசல்ட்ம்மா" என்றார் மருத்துவர். பொய்யில்லை, நடக்கையில் வலி போய்விட்டது. ஆனாலும் அந்தப் படிவத்தை ஒரு பிரதியாக வாசிக்க வேண்டுமென்று தோன்றியது.

தொடை எலும்பின் மேல்முனையில் ஒட்டியிருக்கும் குளூட்டியஸ் மீடியஸ் தசைநாண் கிழிவது, நாற்பது வயதைத் தாண்டிய பெண்களிடமே அதிகம். நெடுங்காலம் இதை நீர்ப்பை அழற்சி என்று சொல்லி, ஊசி போட்டு அனுப்பினார்கள். தோளில் போலவே இடுப்பிலும் தசைநாண் கிழிகிறது என்று பங்கரும் சக மருத்துவர்களும் பிரிட்டனில் எழுதியது 1997இல்தான்.

சிறு துளைகள் வழியே கேமரா செலுத்தித் தைத்த பத்துப் பேரின் முடிவுகள் 2009இல் அமெரிக்காவில் வெளியாயின. அவர்களில் எட்டுப் பேர் பெண்கள். ஓராண்டில் சராசரி மதிப்பெண் 94. பின்னர் வந்த ஐந்தாண்டு ஆய்வுகளிலும் பெரும்பாலோருக்குப் பலன் நீடிக்கிறது. தசை கொழுப்பாக மாறியவர்களுக்குப் பலன் குறைவு. கிழிசலைக் கவனிக்காமல் விட்டால் தசை அப்படித்தான் மாறும். அதாவது, "வயசானா வலிக்கத்தான் செய்யும்" என்று நம்மைத் திருப்பி அனுப்பிய ஆண்டுகளுக்கு நம் தசை விலை கொடுக்கிறது.

சரி, அந்த 94 எதை அளக்கிறது? அளவுகோலை 1969இல் ஹாரிஸ் உருவாக்கியது, இடுப்பு மூட்டுக் கிண்ணம் உடைந்து மூட்டு தேய்ந்தவர்களுக்காக. வலிக்கு 44 மதிப்பெண். நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார 5. ஷூ, சாக்ஸ் போட 4. பேருந்து போன்ற பொது வாகனத்தில் ஏற 1. தரையில் உட்கார்ந்து எழுவதற்கு ஒன்றுமில்லை. குத்தவைத்துத் துணி துவைப்பதற்கு இல்லை. ஒருக்களித்துப் படுக்க முடியாததுதான் இந்த நோயின் முதல் புகார். அந்தக் கேள்வியும் இல்லை.

இன்னொன்றும் இல்லை. ஆறு வாரம் நான் ஊன்றுகோலோடு நடந்தபோது, வீட்டுச் சமையலை எழுபது வயது அம்மா செய்தார். என் மதிப்பெண்ணில் அந்த உழைப்பும் சேர்ந்திருக்கிறது. அம்மாவின் இடுப்பை யாரும் அளக்கவில்லை.

சிகிச்சை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. வலியிருந்தால் நாள் கடத்தாமல் போங்கள். படிவம் கொடுத்தால் நிரப்புங்கள். அதில் கேட்காததையும் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு வாருங்கள்.